ராணுவ டிரெய்லரைக் குடும்பக் கூடார வண்டியாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு நாகர்கோவிலுக்குப் பக்கம். முற்றத்தில் நிற்கும் வண்டியைப் பார்த்து நின்று விசாரிக்காமல் போகிறவர்கள் குறைவு. ராணுவம் கழித்துவிட்ட இரண்டு சக்கர ஜீப் டிரெய்லர் அது. இரண்டு மழைக்காலம் அதோடு மல்லுக்கட்டி, நானும் மனைவியும் பிள்ளைகள் இரண்டு பேரும் அம்மாவும் போய்த் தங்கிவரும் கூடார வண்டியாக மாற்றினோம். கேட்கிறவர்களுக்கு வாசலில் நின்று துண்டு துண்டாகச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். இதில் திரும்பத் திரும்ப ஒரே பேச்சு வரும்: முதலில் வண்டியின் கீழே உள்ளதைச் சரிசெய்யுங்கள், அப்புறம் மேலே கட்டுங்கள்.

இந்த டிரெய்லர் எங்கிருந்து வந்த வண்டி?

இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிறவி. ஜீப்பின் முதல் மாதிரியை 1940-இல் செய்துகொடுத்த அமெரிக்க பாண்டம் கம்பெனிதான் ஜீப்புக்கு ஏற்ற கால் டன் டிரெய்லரையும் செய்தது. வில்லிஸ் கம்பெனியும் அதே மாதிரி செய்தது. ஆறடி நீளம், நாலடிக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், ஒன்றரை அடி ஆழம் என ஒரு இரும்புத் தொட்டி. கீழே ஒரு ஆக்சில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், முன்னால் இழுக்க ஒரு வளையம். காலி எடை சுமார் 250 கிலோ, ஏற்றக்கூடியது 227 கிலோ. பின்னால் வந்த ஜீப் டிரெய்லர்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, தொட்டி தண்ணீரில் மிதக்கும்படி செய்யப்பட்டது என்பது. ஆற்றைக் கடக்கும்போது சாமான் நனையக்கூடாது என்று தொட்டியின் எல்லா இணைப்புகளையும் அடைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். தரையில் தண்ணீர் வடிய இரண்டு அடைப்பான்கள் உண்டு. எங்கள் வண்டியில் அவை பெயிண்டுக்கும் துருவுக்கும் அடியில் புதைந்து கிடந்தன. ஒரு நாள் முழுக்க மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, மறுநாள் ஸ்பேனர் போட்டதும் திரும்பின. அந்தத் துளை வழியாகப் பழைய மழைத்தண்ணீர் கறுப்பாகக் கொட்டியதைப் பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து பார்த்தார்கள்.

இதைவிடப் பெரிய முக்கால் டன், ஒரு டன் டிரெய்லர் வாங்கினால் இடம் தாராளமாக இருக்குமே?

இருக்கும். ஆனால் இழுக்க வேண்டுமே. அமெரிக்க முக்கால் டன் டிரெய்லரின் காலி எடையே 600 கிலோவைத் தொடும். மேலே கட்டி, சாமான் ஏற்றினால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். அதற்குத் தனி பிரேக் ஏற்பாடு வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் பிரேக் இல்லாத டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். குடும்பத்துக்குக் கால் டன்னே போதும் என்பது என் முடிவு. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறைக்குப் போகிற வழியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அந்த வளைவுகளில் எதிரே பஸ் வந்தால் பெரிய டிரெய்லரை எங்கே ஒதுக்குவது?

எங்கே கிடைக்கும்?

ராணுவம் கழிக்கிற வண்டிகள் பெரும்பாலும் எம்எஸ்டிசி என்ற மத்திய அரசு நிறுவனத்தின் மின் ஏலத்தில் போகின்றன. பல வண்டிகளைச் சேர்த்து மொத்தமாக விடுவதால், ஒன்றே ஒன்று வேண்டும் என்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அது கைக்கு எட்டாது. ஏலம் எடுத்த பழைய இரும்பு வியாபாரியிடம் வாங்குவதுதான் நடைமுறை. எங்கள் வண்டியும் அப்படி வந்ததுதான்.

ஆவணங்கள் என்னென்ன வேண்டும்?

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே இந்தக் கேள்விக்கு விடை வேண்டும். ராணுவ வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. பாதுகாப்புப் பணியிலிருந்து வண்டி வெளியே வந்துவிட்டால், மற்ற வண்டிகளைப் போலவே புதிதாகப் பதிவு செய்தாக வேண்டும். டிராக்டர் பெட்டிக்குத் தனி நம்பர் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி டிரெய்லரும் தனி வண்டிதான். இழுக்கிற காரின் ஆர்சி புத்தகம் அதற்குப் போதாது.

ஏலத்தில் எடுத்ததற்கான விற்பனை ஆணை, வண்டியை வெளியே விட்ட கடிதம், ஏலம் எடுத்தவர் உங்களுக்குக் கொடுக்கும் ரசீது என்று சங்கிலி அறாமல் வர வேண்டும். அவற்றில் உள்ள எண்ணும் சேஸியில் அடித்த எண்ணும் ஒன்றாக இருக்கிறதா என்று சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்துப் பாருங்கள், துரு மூடியிருந்தாலும் எழுத்து எழும்பி வரும். அப்புறம் அந்தப் பிரதிகளோடு உங்கள் ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், "இதைப் பதிய முடியுமா, கூடார வண்டியாக மாற்றினால் எந்த வகையில் வரும், என்ன ஆய்வு வேண்டும்" என்று கேட்டுவிட்டு வாருங்கள். டிஎன் 74 என்றால் நாகர்கோவில், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். பதிவுச் சான்றில் இருக்கிற விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்துவதை 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஆகவே கட்டி முடித்துவிட்டு அனுமதி கேட்கலாம் என்று இருக்காதீர்கள். நான் முதலில் பார்த்த டிரெய்லருக்கு வெறும் எடைச்சீட்டுதான் இருந்தது. வண்டி நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் விட்டுவிட்டு வந்தேன்.

காரின் இன்சூரன்சில் டிரெய்லர் இழுப்பது சேர்ந்திருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்தக் கார் இழுக்கும்?

காரோடு வந்த கையேட்டில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எத்தனை கிலோ என்று கம்பெனியே போட்டிருக்கும். அதுதான் விடை. அது போடாத கார் என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். கொக்கியைப் பம்பரில் மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். சேஸியோடு சேர்த்துப் போல்ட் போட்டால்தான் இழுவிசையைத் தாங்கும்.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும் தொட்டியைப் பார்க்கிறார்கள். தொட்டியில் ஓட்டை இருந்தால் ஒரு தகடு வைத்து வெல்டிங் பண்ணிவிடலாம். பார்க்க வேண்டியது கீழே.

சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால் சுற்றிவிடுங்கள். காதை அச்சுப் பக்கம் வையுங்கள். சத்தமில்லாமல் சுற்றி மெதுவாக நின்றால் நல்லது. கரகரவென்று மணல் அரைக்கிற சத்தம் வந்தால் பேரிங் போயிற்று. அதற்காக வண்டியை விட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். நாங்கள் கழற்றிப் பார்த்தபோது கிரீஸ் இருந்த இடத்தில் கருப்பட்டிப் பாகு இறுகின மாதிரி ஒரு வஸ்து இருந்தது. விரலால் எடுத்தால் வரவில்லை, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுக்க வேண்டியிருந்தது. அதற்குள் இருந்த உருளைகளில் இரண்டு நீலம் பாரித்துக் கிடந்தன. சூடேறித் தேய்ந்த இரும்பின் நிறம் அது. பேரிங்கின் விளிம்பில் எண் அடித்திருக்கும். அதைத் துடைத்து எழுதிக்கொண்டு கடைக்குப் போனால் ராணுவ வண்டி, சாதா வண்டி என்ற பேதமில்லாமல் எண்ணைப் பார்த்து எடுத்துத் தந்துவிடுவார்கள். எண்ணெய் சீலையும் சேர்த்து மாற்றுங்கள்.

பட்டை ஸ்பிரிங்கில் குறுக்கே மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு கட்டுகிற யு போல்ட்டுகளை நான் கேள்வியே கேட்காமல் புதிதாகப் போட்டேன். இழுவை வளையம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தால் வண்டி நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 3512 என்றால் 2012-ஆம் வருஷம் 35-ஆம் வாரம் செய்தது. டயரின் மேல் ரோட்டைப் பிடிக்கிற பட்டன் அப்படியே நிற்கிறது, நல்ல டயர் என்று காட்டுவார்கள். ஓடாமல் வெயிலில் நின்ற டயருக்குப் பட்டன் எப்படித் தேயும்? பக்கச் சுவரில் வெடிப்புகள் ஓடியிருக்கும். மாற்றிவிடுங்கள். காரின் ஸ்பேர் சக்கரமே டிரெய்லருக்கும் பொருந்தும்படி துளை அளவு அமைந்தால் பெரிய அதிர்ஷ்டம், இல்லையென்றால் டிரெய்லருக்குத் தனி ஸ்பேர் கட்டாயம்.

ராணுவப் பச்சையை அப்படியே விட்டால் அழகாக இருக்குமே?

விடக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறை வண்டி தவிர வேறெதற்கும் அந்த ஆலிவ் பச்சை கூடாது என்கிறது. எங்கள் வண்டிக்கு இளமஞ்சள் அடித்தோம். இருட்டில் நன்றாகத் தெரிகிறது, வெயிலில் சூடும் குறைவு.

பழைய பெயிண்டைக் கிரைண்டர் வைத்துத் தேய்க்கும் முன் ஒரு வார்த்தை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்க வாய்ப்புண்டு. தூசி உடம்புக்குள் போனால் கெடுதல், சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். கெமிக்கல் பூசி ஊறவைத்துச் சுரண்டுங்கள், முகத்தில் நல்ல வடிகட்டி மாஸ்க் போடுங்கள், சுரண்டியதைத் தார்ப்பாயில் சேர்த்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வீட்டு முற்றத்தில் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதே மேல்.

கடற்கரை ஊரில் இரும்பு வண்டி எத்தனை நாள் தாங்கும்?

கவனித்தால் நம் காலம் முழுக்கத் தாங்கும். நம் மாவட்டத்தில் கடலிலிருந்து வெகு தூரத்தில் இருக்கிற வீடு என்று சொல்ல அதிகமில்லை. வீட்டு ஜன்னல் கம்பிக்கு என்ன நடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டால் துரு நின்றுவிடாது. அது சேஸியின் பெட்டிக்குழாய்க்கு உள்ளே இருந்து தின்றுகொண்டு வரும்.

நாங்கள் செய்தது இது. முழு வண்டியையும் பிரித்து, சேஸியையும் தொட்டியையும் மணல் வீச்சுக் கொடுத்து வெள்ளை இரும்பாக்கினோம். அன்றைக்கே, சாயங்காலக் காற்று வருமுன், துத்தநாகம் கலந்த எப்பாக்ஸி பிரைமர் அடித்தோம். ஒரு ராத்திரி வெறும் இரும்பாக விட்டுவைத்தால் காலையில் விரல் வைத்த இடமெல்லாம் செந்நிறப் புள்ளி பூத்திருக்கும். கோணத்துப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டிங் பார்க்கிற அண்ணாச்சி, "ரெட் ஆக்சைடு அடிச்சா போதும் தம்பி" என்றார். வீட்டுக் கேட்டுக்கு அது போதும். உப்புத் தண்ணீர் தெறிக்கிற அடிப்பாகத்துக்குப் போதாது. பெட்டிக்குழாய்க்குள் சின்னத் துளைகள் வழியாக மெழுகு கலந்த துருத் தடுப்பானை நீளக் குழாய் விட்டுப் பீய்ச்சினோம், தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் அடைக்கவில்லை. மேலே மாட்டும் போல்ட்டுகள் எல்லாம் ஸ்டெயின்லெஸ்.

அதைவிடப் பெரிய வைத்தியம் நல்ல தண்ணீர். சொத்தவிளைக்கோ முட்டத்துக்கோ போய்வந்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் அடிப்பக்கம் குழாய்த் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டுத்தான் படுப்பேன்.

முன்னால் இருக்கிற ராணுவ வளையத்தை என்ன செய்வது?

ராணுவ வண்டியின் பின்னால் இருக்கிற கவ்வுக் கொக்கிக்கு ஏற்ற வளையம் அது. வழக்கமான உருண்டைக் கொக்கிக்குப் பொருந்தாது. ஒன்று காரில் கவ்வுக் கொக்கி போட வேண்டும், இல்லை டிரெய்லரில் வளையத்தைக் கழற்றி 50 மில்லிமீட்டர் உருண்டைக்கு ஏற்ற தலையைப் போட வேண்டும். வளையமும் கவ்வும் கரடுமுரடான வழிக்கு நல்லது, ஆனால் தார்ரோட்டில் லொடலொடவென்று அடித்துக்கொண்டே வரும். நாங்கள் தலையை மாற்றினோம். பழைய வளையத்தின் இடத்தில் போல்ட் போட்டு மாட்டுகிற வகையாகப் பாருங்கள், வெல்டிங்கை மட்டும் நம்பாதீர்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளைத் தலைக்கு அடியில் பெருக்கல் குறி போலக் குறுக்காக மாட்ட வேண்டும். கொக்கி கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும்.

பின்விளக்கு எரியவே மாட்டேன் என்கிறது. ஏன்?

ராணுவ வண்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட், நம் கார் 12 வோல்ட். பழைய பல்புகள் மங்கலாக எரியும் அல்லது எரியாது. ஒயரிங் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டு 12 வோல்ட் எல்இடி விளக்குகளும் ஏழு முனை பிளக்கும் போடுங்கள். எர்த்துக்குத் தனி ஒயர் இழுக்க மறக்காதீர்கள். கொக்கி வழியாக எர்த் வருமென்று விட்டால், முதல் மழைக்கு இண்டிகேட்டர் போட்டால் பிரேக் லைட் மினுங்கும்.

மேலே என்ன கட்டினீர்கள்?

வீடு கட்டவில்லை. இதைத்தான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். தகரம் அடித்துக் கூண்டு கட்டி, ஜன்னல் வைத்து, மேலே கேரியர் வைத்து என்று ஆசை ஏறிக்கொண்டே போகும். 227 கிலோ என்ற கணக்கு நகராது.

ஜீப் டிரெய்லருக்குப் பின்கதவு கிடையாது. படுக்கையைத் தொட்டியின் மேல் வைத்துவிட்டால் உள்ளே இருக்கிற சாமானை எப்படி எடுப்பது? தொட்டியை அறுத்துக் கதவு வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதன் பலமே நான்கு பக்கமும் சேர்ந்து ஒரே பெட்டியாக இருப்பதில்தான். அதனால் தொட்டியின் விளிம்புக்கு மேல் பத்து அங்குல உயரத்துக்குச் சின்னச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் வைத்து, இரண்டு பக்கமும் தூக்கித் திறக்கிற பலகைகள் போட்டோம். அதற்கு மேல் மூடி. மூடி புத்தகம் போல இரண்டு தட்டு. மேல்தட்டைப் பக்கவாட்டில் திறந்து மலர்த்தினால் ஒரு பாதி வண்டியின் மேலும் மறுபாதி இரண்டு கால்களின் மேலும் நிற்கும். அந்தப் படுக்கையில் நாலு பேர் படுக்கலாம்.

தட்டு 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட். அதன் மேல் ஃபைபர் பூச யாரைத் தேடுவது என்று யோசித்தபோது வீட்டில் சொன்னாள், "வள்ளம் செய்கிறவர்களைக் கேட்கலாமே" என்று. குளச்சலிலும் முட்டத்திலும் வள்ளத்துக்கு ஃபைபர் போடுகிறவர்களுக்கு நம் மூடி ஒரு பொருட்டே இல்லை. நாங்கள் கூப்பிட்ட வள்ளக்காரர் பார்த்த மாத்திரத்தில் பலகையின் ஓரத்தைத்தான் தடவிப் பார்த்தார். தண்ணீர் பிளைவுட்டின் முகத்தில் நுழையாது, வெட்டிய ஓரத்திலும் ஆணித் துளையிலும்தான் நுழையும் என்று சொல்லிக் கொடுத்தார். ஓரம் முழுவதும் ரெசின் குடிக்க வைத்தார். கீல் மாட்டும் ஒவ்வொரு துளையையும் முதலில் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் அடைத்து, காய்ந்த பிறகு அதன் நடுவில் சின்னத் துளை போடச் சொன்னார். வேலை இரட்டிப்பு. ஆனால் ஆணி மரத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு மழை பார்த்துவிட்டது, ஒரு இடம்கூட உப்பவில்லை.

இன்னொன்று, பின்னால் இரண்டு மூலைக்கும் இறக்கிவிடுகிற தாங்கு கால்கள் போட்டாக வேண்டும். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரின் பின்பக்கம் ஆள் ஏறி உட்கார்ந்தால் மூக்கு தூக்கிக் கவிழும்.

கூடாரத்துக்கு என்ன துணி?

பருத்திக் கான்வாஸ். பிளாஸ்டிக் படுதா விலை குறைவு, எடை குறைவு, மழையும் புகாது. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாலு பேர் மூச்சு விட்டால் உள்ளே வியர்த்துக் கொட்டி, விடியும்போது பாயெல்லாம் ஈரம். லாரிப் படுதா தைக்கிற தையல்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்தோம். தைத்து வந்ததும் விரித்துக் கட்டி, தண்ணீர் விட்டு நனைத்து, காயவிட வேண்டும். நூல் ஊதி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். அதைச் செய்யாமல் முதல் நாளே மழையில் மாட்டினால் தையல் வழியே ஒழுகும், தைத்தவரைத் திட்டுவீர்கள். ஜன்னல்களில் கொசுவலை. ஈரத்தோடு மடித்து ஒரு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், பூசணம் பிடித்தால் போகாது.

எடைக் கணக்கை எப்படிப் போடுவது?

எங்கள் கணக்கு இது. சட்டமும் மூடியும் 60 கிலோ, கூடாரமும் கம்பியும் 25, மெத்தை 15, தண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு 40, லித்தியம் பேட்டரி 13, அடுப்பும் பாத்திரமும் 25, சின்னக் கேஸ் சிலிண்டர் 11, துணிமணி 30. கூட்டினால் 219. எட்டு கிலோதான் மிச்சம். இன்வெர்ட்டர் பேட்டரி ஒன்றைத் தூக்கி வைத்திருந்தால் அது மட்டும் 50 கிலோவுக்கு மேல் போயிருக்கும்.

மொத்த எடையைப் போலவே அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். முதல் பயணத்தில் இதில்தான் தவறினேன். எடுக்க வசதி என்று இரண்டு தண்ணீர் கேனையும் பாத்திரப் பெட்டியையும் கடைசியில் வைத்தேன். ஆனி மாதம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அந்த மாதம் காற்று எப்படி அடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை, முப்பந்தலில் காற்றாலைகளை நட்டிருப்பதே அதற்காகத்தான். பக்கவாட்டில் ஒரு அடி விழுந்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கியது. கண்ணாடியில் அது இடமும் வலமும் வந்து வந்து போகிறது, காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுக்கிறது. மனைவி பின் சீட்டில் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலரேட்டரை மட்டும் விட்டேன். வேகம் குறையக் குறைய ஆட்டம் அடங்கியது. ஓரமாக நிறுத்தி, கேன் இரண்டையும் ஆக்சிலுக்குச் சற்று முன்னால் மாற்றிவைத்த பிறகு அதே காற்றில் வண்டி பேசாமல் வந்தது.

பின்பக்கம் கனத்து மூக்கு லேசானால் இந்த ஆட்டம் வரும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கியில் இறங்க வேண்டும். எங்கள் வண்டி ஏற்றிய பின் ஏறக்குறைய 470 கிலோ, ஆக மூக்கில் 45 கிலோ பக்கம். வீட்டில் ஆள் எடை பார்க்கிற மிஷினைத் தரையில் வைத்து, கொக்கி உயரத்துக்கு ஒரு மரக்கட்டை நிறுத்தி, அதன் மேல் டிரெய்லர் மூக்கை வைத்தால் எண் தெரிந்துவிடும். வண்டி சமமாக நிற்க வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் பார்க்கிறேன், ஐந்து நிமிஷ வேலை.

கேஸ் அடுப்பை வண்டிக்குள்ளேயே வைக்கலாமா?

சிலிண்டரைத் தொட்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, கீழே இறங்கித் தேங்கும். நம் தொட்டியோ தண்ணீர்கூடப் புகாத தொட்டி. கசிந்த கேஸ் அதில் தண்ணீர் மாதிரி நிரம்பி நிற்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும். எங்களுடையது ஐந்து கிலோ சிலிண்டர், முன்பக்கக் கம்பியில் வெளியே, அடியில் துளையிட்ட கூடையில் நிற்கிறது. அடுப்பு மடக்கு மேசையில், கூடாரத்துக்கு வெளியே. மரச்சீனிக்கிழங்கை வீட்டிலேயே அவித்துக் கொண்டுபோய்விட்டால் அங்கே மீன் குழம்பு வைக்கிற கேஸ் மட்டும்தான் செலவு.

ஓடும்போது பிள்ளைகள் டிரெய்லரில் படுத்துக்கொண்டு வரலாமா?

கூடாது. ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குக்கூடக் கூடாது.

ரிவர்ஸ் எடுக்க வருமா?

வரும், பழக வேண்டும். ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கையை எந்தப் பக்கம் கொண்டுபோகிறீர்களோ அந்தப் பக்கம் டிரெய்லரின் பின்பக்கம் போகும். குட்டை டிரெய்லர் என்பதால் சட்டென்று மடங்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை காலியான மைதானத்தில் இரண்டு காலை பழகினேன். முடியவில்லையா, கழற்றிக் கையால் தள்ளித் திருப்பிவிடுங்கள். கால் டன் வண்டியின் சௌகரியம் அது.

எங்கே போய்த் தங்கலாம்?

ஆள் இருக்கிற இடத்தில், கேட்டுவிட்டுத் தங்குங்கள். எங்களுக்கு மிகவும் வாய்த்தது தெரிந்தவர்களின் தென்னந்தோப்பும் ரப்பர் தோட்டமும்தான். திற்பரப்புக்கும் மாத்தூர் தொட்டிப்பாலத்துக்கும் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் தங்கிக்கொண்டு பகலில் போய்ப் பார்த்து வரலாம். தென்னைக்கு நேர் கீழே மட்டும் கூடாரம் வேண்டாம், மட்டையும் நெற்றும் எப்போது விழும் என்று தெரியாது. காளிகேசம், கீரிப்பாறை பக்கம் காடு வனத்துறையுடையது. அனுமதி இல்லாமல் ராத்தங்குவது குற்றம், யானை நடமாட்டமும் உண்டு.

கடற்கரையைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் மீனவர்கள் கள்ளக்கடல் என்று சொல்வார்கள். இங்கே காற்றும் இருக்காது மழையும் இருக்காது, எங்கோ தெற்கே பெருங்கடலில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் ஓடிவந்து திடீரென்று கரையேறும். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் பாருங்கள், போன இடத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கிற பெரியவரிடமும் கேளுங்கள். வண்டியை மணலில் இறக்காதீர்கள். நாங்கள் கரையோரம் ராத்திரி தங்குவதே இல்லை. அஸ்தமனம் பார்த்துவிட்டு உள்ளே வந்துவிடுவோம்.

எந்த மாதம் நல்லது?

தை முதல் பங்குனி வரை. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் என்பதால் மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும்.

வயதான அம்மா ஏணியில் எப்படி ஏறுவார்கள்?

ஏறவில்லை. முதல் தடவை ஏற்றிவிட்டோம், ராத்திரி இறங்க வேண்டுமென்றால் எல்லாரையும் எழுப்ப வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமலே படுத்திருந்திருக்கிறார்கள். காலையில்தான் சொன்னார்கள். அடுத்த தடவைக்குள் மலர்த்திய தட்டின் அடியில் மூன்று பக்கமும் துணித் திரை தைத்து, தரையில் மடக்குக் கட்டில் போட்டுக் கொடுத்தோம். மேலே எங்கள் படுக்கையே அவர்களுக்குக் கூரை. பக்கத்தில் ஒரு சின்ன எல்இடி விளக்கு, கைக்கெட்டும் இடத்தில் சுவிட்ச். கழிப்பறை இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் தங்குகிறோம், அது இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

செலவில் எதைக் குறைக்கலாம்?

மெத்தை, மேசை, விளக்கு எல்லாம் வீட்டில் இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம். பேரிங், டயர், கொக்கி, சங்கிலி, பின்விளக்கு, பெயிண்ட் இவற்றில் குறைக்காதீர்கள். எங்களுக்கு ஆன செலவில் பாதிக்கு மேல் தொட்டிக்குக் கீழேதான் போனது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

நிறுத்தி வைத்திருக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தரையின் இரண்டு அடைப்பான்களையும் திறந்தே வையுங்கள். மாதம் ஒருமுறை சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். கிளம்பும் நாளில் இருபது கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, இரண்டு சக்கரத்தின் அச்சுமூடியையும் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாமல் சுட்டால் அங்கேயே நிறுத்திப் பேரிங்கைப் பாருங்கள். இந்த வேலையை இப்போது என் மகள் எடுத்துக்கொண்டாள். தோவாளை தாண்டியதும் "அப்பா, நிறுத்துங்க" என்கிறாள்.